ஏழு மணிக்குச் சீட்டறை மூடப்படும்

என்னை அறிமுகப்படுத்திய தம்பி, "சீட்டறைக்கு நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்து பல குடும்பங்களைக் காப்பாற்றியவர்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். கட்டுப்பாடு கொண்டுவந்தது உண்மைதான். காப்பாற்றிய கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு அந்தக் கைதட்டலை எனக்கே விட்டுவைப்பதா, திரும்ப வாங்கிக்கொள்வதா என்று முடிவு செய்யுங்கள்.

நீங்கள் எல்லாம் மனமகிழ் மன்றங்களில் புதிதாக மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள். லைசென்ஸ் புதுப்பிப்பது, உறுப்பினர் பதிவேடு எழுதுவது, கேமரா எங்கே மாட்டுவது, இதையெல்லாம் சொல்லித்தர வேறு ஆள் இருக்கிறார்கள். எனக்கு அதில் பாதி மறந்தும் போய்விட்டது. மறக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த மன்றம் திருப்பரங்குன்றம் போகிற ரோட்டில் இருந்தது. பெயர் வேண்டாம். டென்னிஸ் ஆடும் இடம் ஒன்று உண்டு, அதில் வாட்ச்மேன் வீட்டுத் துணி காயும். வாசகசாலை உண்டு, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பது நான் ஓய்வுபெறும் வரை தெரியவில்லை. மற்றபடி மன்றம் என்றால் சீட்டறைதான். நான்கு மேசை, எப்போதும் ரம்மி. உறுப்பினர்கள் எல்லாரும் கௌரவமானவர்கள். கௌரவமானவர்கள் என்றால், தோற்றாலும் சட்டையைக் கிழித்துக்கொள்ளாதவர்கள் என்று அர்த்தம்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் வேலையை ஒப்படைக்கும்போது ஒரே ஒரு புத்தி சொன்னார். "ஆடுறவுக மூஞ்சியப் பாக்காதீங்க. டேபிளப் பாருங்க. மூஞ்சியப் பாத்தா இந்த வேல பாக்க முடியாது." நல்ல மனிதர். நானும் அப்படியே மேசையைப் பார்த்து ஒன்பது வருடம் ஓட்டினேன். யாருக்குச் சர்க்கரை கம்மி, யாருக்கு ஜன்னல் ஓர நாற்காலி, யாருக்கு ஃபேன் காற்று ஆகாது, எல்லாம் அத்துப்படி. யார் மூழ்கிக்கொண்டிருக்கிறார் என்பதும் அத்துப்படிதான். அதைப் பற்றி வாய் திறப்பது நம் வேலை இல்லை என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் கலைவாணி டீச்சர் மன்றத்துக்கு வந்தார். திருமங்கலத்தில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர், எங்கள் உறுப்பினர் பல் டாக்டர் பிரபாகரின் மனைவி. பெண்கள் எங்கள் மன்றப் படியேறுவது ஆண்டு விழாவுக்கு மட்டும்தான். ஆண்டு விழா இல்லாத நாளில் ஒரு பெண் வந்தால் விஷயம் என்ன என்பது வாட்ச்மேனுக்கே தெரியும். அவர் என்னைக் கூப்பிடாமல் நேராக என் அறையைக் கைகாட்டிவிட்டார்.

"அண்ணே, எட்டரை வரைக்கும் க்ளினிக்ல இருக்காரு. அங்கிட்டிருந்து நேரா இங்க வந்துர்றாரு. வீட்டுக்கு வர்றப்ப பிள்ளைக தூங்கிருதுக. மொகத்தப் பாத்தே பல நாள் ஆச்சு. அவர வெளிய நிறுத்துங்கன்னு சொல்லல. சீக்கிரமா மூடிருங்கண்ணே. எடம் இல்லன்னா வீட்டுக்குத்தான வரணும்?" என்றார்.

கடைசி வாக்கியத்தில் அழுதுவிட்டார். நான் டீ சொன்னேன். அழுகிற ஆளுக்கு டீ சொல்வதுதான் எனக்குத் தெரிந்த ஆறுதல்.

அவர் கேட்டது நியாயம் என்று எனக்குப் பட்டது. எழுதி வைத்துக் கமிட்டியில் பேசினேன். கமிட்டியில் பதினொரு பேர், அதில் ஒன்பது பேர் சீட்டாடுபவர்கள். எல்லாரும் உருகிப்போனார்கள். "கட்டாயம் கட்டுப்பாடு வேணும்யா, எத்தன குடும்பம்" என்று செயலாளரே சொன்னார். அரிசி மண்டி வைத்திருப்பவர், எங்கள் எல்லாருக்கும் மேலே. உடனே தீர்மானம் போட்டார்கள்: தினமும் காலை ஆறு முதல் பத்து வரை சீட்டறை கண்டிப்பாக மூடப்பட்டிருக்கும். அந்த நேரத்தில் எங்கள் மன்றத்துக்கு வருவது பால்காரர் ஒருவர்தான். பால்காரரைச் சூதிலிருந்து காப்பாற்றிய திருப்தியில் எல்லாரும் வடை சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

நான் விடவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அன்றைக்கு எனக்கு ஒரு வீம்பு. ஒவ்வொருவராகப் பிடித்து, அவரவர் வீட்டு நிலவரத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்தி, இரண்டு மாதத்தில் காரியத்தை முடித்தேன். மாலை ஏழு மணிக்குச் சீட்டறை மூடப்படும். பலகையில் நானே எழுதி மாட்டினேன். ஏழுக்குப் பத்து நிமிடம் முன்னால் மணி அடிப்பது, ஏழுக்கு விளக்கை அணைப்பது, இரண்டையும் நானே செய்தேன்.

மணி அடித்த பிறகு ஆட்டம் எப்படி இருக்கும் என்று நான் யோசித்திருக்கவில்லை. அதுவரை தோற்றவர் நாளைக்குப் பார்த்துக்கொள்வோம் என்று கொட்டாவி விடுவார். மணி அடித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மோசமான சீட்டு வந்தால் நிதானமாக இறக்கிவிட்டு ஒதுங்குகிறவர்கூட அந்தப் பத்து நிமிடத்தில் ஒதுங்கவில்லை. ஒரு நாளில் ஆட வேண்டியதை எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் ஆடினார்கள். சரி, பழக்கம் மாற நாளாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் டீச்சர் வீட்டில் வெற்றி. டாக்டர் ஏழரைக்கெல்லாம் வீட்டில் ஆஜர். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாராம். டீச்சர் ஒரு தூக்குச்சட்டி நிறைய அதிரசம் கொடுத்தனுப்பினார். "கடவுள் மாதிரிண்ணே நீங்க" என்று போனில் சொன்னார். நான் மறுக்கவும் இல்லை. கடவுளுக்கு அதிரசம் படைப்பது வழக்கம்தானே என்று நான்கு தின்றேன்.

அந்த அதிரசத்தில்தானோ என்னவோ, கடைவாய்ப் பல் ஒன்று வலிக்க ஆரம்பித்தது. இரண்டு நாள் கிராம்பு வைத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. மூன்றாம் நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, நம்ம டாக்டர்தானே என்று பிரபாகரின் க்ளினிக்குக்குப் போனேன். மணி மூன்று.

முன்பு அந்த க்ளினிக்கில் உட்கார இடம் கிடைக்காது. நாகமலை புதுக்கோட்டையிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள், கை அம்புட்டு லேசு என்பார்கள். அன்றைக்கு ஒரே ஒரு பெரியவர், கன்னம் வீங்கி, தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, வாங்க" என்று உள்ளே கூட்டிப்போய் மரத்துப்போக ஊசி போட்டார். பல்லைத் திறந்தார். நிஜமாகவே கை லேசுதான், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நடுவில் இரண்டு முறை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்காலுக்குப் பல்லுக்குள் பஞ்சை வைத்தார்.

"மருந்து வச்சிருக்கேண்ணே. ஊறணும். வாயத் தொறந்தாப்புலயே வைங்க, பத்தே நிமிசத்துல வாரேன்" என்று கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார். வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

நானும் வாயைத் திறந்தபடியே இருந்தேன். பத்து நிமிடம் ஆனது, அரை மணி ஆனது. நான் கையை ஆட்டியதைப் பார்த்து உதவியாளர் ஜெயந்தி வந்தார். நான் யார், எங்கே வேலை என்பதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

"ஏழு மணிக்கு மேலதாண்ணே இனி. அதுவும் நேரா வீட்டுக்குப் போயிருவாரு. பஞ்ச எடுத்துட்டு நான் வேற பஞ்சு வச்சு அனுப்பிருவேன். நாளைக்கு வாங்க. எல்லாருக்கும் இப்பிடித்தான், நாலு மணிக்கு மேல இங்க மருந்து ஊறிக்கிட்டேதான் இருக்கும்" என்றார்.

வெளியே இருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "எனக்கு மூணு நாளா ஊறுது தம்பி" என்றார்.

ஜெயந்தி பஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே பேசினார். "முன்னாடி எட்டரை வரைக்கும் அசைய மாட்டாருண்ணே. கடைசி ஆள் வரைக்கும் பாத்துட்டுத்தான் ஆட்டத்துக்குப் போவாரு. இப்ப அந்தக் கிளப்ப ஏழு மணிக்கே மூடுறாகளாம். அதனால சாயங்காலம் வர்ற ஆளுகள எல்லாம் விட்டுட்டு நாலு மணிக்கே ஓடிர்றாரு. வர்ற ஆளுகளும் எம்புட்டு நாளைக்குப் பொறுப்பாக? எல்லாரும் வேற எடத்துக்குப் போயிட்டாக. அடுத்த மாசத்துல இருந்து எனக்கே வேல இருக்குமான்னு தெரியல. எந்தப் புண்ணியவான் இந்த ரூல போட்டானோ, அவன் நல்லா இருக்கட்டும்."

புண்ணியவான் வாயைத் திறந்தபடி நாற்காலியில் மல்லாந்து கிடந்தான். மரத்துப்போன நாக்கோடு நான்தான் அவன் என்று சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

எனக்கு அவமானத்தை விடக் கோபம்தான் முதலில் வந்தது. டாக்டர் மேல் கோபம், டீச்சர் மேல்கூடக் கோபம். அவர் வீட்டுக்காரர் ஏழரைக்கு வருகிறார் என்று அதிரசம் சுட்டுக்கொண்டிருக்கிறார், இங்கே வீட்டுக்குச் சோறு போடுகிற க்ளினிக் காலியாகிக்கொண்டிருக்கிறது. அவருக்கு இது தெரியாது. தெரிய வரும்போது என்ன செய்வார் என்று நினைத்தேன். கழுத்தில் கட்டிய பச்சைத் துணியோடு எழுந்து ரோட்டுக்கு வந்து ஆட்டோவை மறித்தேன்.

"ஆஸ்பத்திரிக்காண்ணே?" என்றார் ஆட்டோக்காரர். நான் எதிர்த்திசையில் கைகாட்டினேன். வழி முழுக்க அவர் என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

மன்றத்தில் போய் இறங்கும்போது ஐந்து மணி. சீட்டறை நிரம்பி வழிந்தது. முன்பு அந்த நேரத்தில் ஈ ஆடும். பேங்க்கில் இருக்க வேண்டியவர், கடையில் இருக்க வேண்டியவர், எல்லாரும் அங்கே இருந்தார்கள். நான் லீவு போட்டதால்தான் இதையெல்லாம் பார்க்க முடிந்தது என்று சொல்ல மாட்டேன். தினமும் பார்த்ததுதான், மேசையை மட்டும்.

கதவருகே நின்று யோசித்தேன். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஏழு மணி வரை உறுப்பினரை எழுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. அந்த விதியை எழுதியவனே நான். டாக்டர் இருந்த மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் செயலாளர். மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கோளாறு என்று சொல்லலாமா என்று மெயின் சுவிட்ச் வரை போனேன். அணைத்தால் ஜெனரேட்டர் தானாக ஓடும், அப்படிப்பட்ட ஜெனரேட்டர்தான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியதும் நான்தான். டாக்டரைத் தனியே கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லலாம், ஆனால் வாயில் வார்த்தை வரவில்லை, எச்சில்தான் வந்தது.

கடைசியில், அவர் மேசையில் யாரோ எழுந்துபோன நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். டாக்டரைப் பார்த்து வாயைத் திறந்தேன். திறந்தபடி இருந்தேன்.

"என்ன மேனேஜரே, உங்களுக்கும் கை போடவா?" என்று ஒருவர் சிரித்தார். நான் டாக்டரையே பார்த்தேன். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயது ஆள், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், பரீட்சையில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி இருந்தார்.

"அண்ணே, இந்த ஒரு கைய முடிச்சுட்டு வந்துர்றேன். நல்ல கைண்ணே" என்றார்.

நான் வாயை மூடவில்லை. தாடை வலித்தது. எச்சில் வழிந்து பச்சைத் துணியில் இறங்கியது.

"சத்தியமா இந்த ஒண்ணுதாண்ணே."

நான் அப்படியே இருந்தேன். ஒரு சுற்று போனது. யாருக்கும் ஆட்டத்தில் மனம் ஓடவில்லை. செயலாளர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "யோவ் டாக்டரு, இந்தாளு வாயப் பாத்துக்கிட்டு எப்பிடிய்யா ஆடுறது? எச்சி டேபிள்ல வடியப்போகுது. முதல்ல கூட்டிட்டுப் போய்யா, கருமம்!" என்று கத்தினார்.

ஆக, டாக்டரை அந்த மேசையிலிருந்து எழுப்பியது தீர்மானமும் இல்லை, பலகையும் இல்லை, டீச்சரின் கண்ணீரும் இல்லை. அருவருப்பு. டாக்டர் சீட்டை மேசையில் வைத்தார். பிறகு எடுத்துப் பார்த்தவர்கள் நிஜமாகவே நல்ல கை என்றார்கள்.

ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். க்ளினிக்கில் பெரியவர் இன்னும் உட்கார்ந்திருந்தார். டாக்டரைக் கண்டதும், "வந்துட்டீகளா சாமி" என்று எழுந்து நின்றார். ஒரு கோபம் இல்லை, ஒரு குத்தல் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்கு டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பெரியவரை முதலில் நாற்காலியில் உட்கார வைத்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

என் வாயில் கண்ணாடியை விட்டு, நாக்கை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். பாதியில் கை நின்றது.

"ஒன்பது வருசம் ஆச்சுண்ணே. எனக்குச் சர்க்கர கம்மின்னு உங்களுக்குத் தெரியும். நான் தோத்தா டீய மாத்திக் காப்பி குடுக்கணும்னு தெரியும். கலா உங்ககிட்ட வந்து அழுதது எனக்குத் தெரியும். அதுக்காக ஊருக்கே ஒரு ரூல் போட்டீங்க. எனக்கு மட்டும், என் மூஞ்சியப் பாத்து, 'போதும் டாக்டர், எந்திரிங்க'ன்னு ஒரு தடவ சொல்லிருக்கலாமேண்ணே. ஏன் சொல்லல?"

வாயில் கண்ணாடி இருந்தது, நல்லவேளை. முடித்துவிட்டு, "கொப்பளிங்க" என்றார். கொப்பளித்தேன். வாய் காலியாகத்தான் இருந்தது, இனி தாராளமாகப் பதில் சொல்லலாம். "எம்புட்டு டாக்டர் ஃபீஸு?" என்று கேட்டேன்.

மறுநாள் நான்கு மணிக்கு அவர் மன்றத்துக்கு வந்தார். திருந்திவிட்டார் என்று எதிர்பார்த்தீர்களா? நான் படியில் நின்றேன். உறுப்பினரை வழிமறிப்பது என்றால் வேலை போகிற விஷயம். "போதும் டாக்டர், போங்க" என்றேன். மூன்றே வார்த்தைதான். அவர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போனார். அதற்கடுத்த நாளும் வந்தார், சொன்னேன். ஒரு நாள் கெட்ட வார்த்தையில் திட்டினார், அன்றைக்கும் சொன்னேன். ஒரு நாள் பின்வாசல் வழியாக உள்ளே போய்விட்டார், மேசைக்கே போய்ச் சொன்னேன். இரண்டு மூன்று மாதம் இப்படிப் போனது. பிறகு வாரம் ஒரு நாள் வந்தார், அப்புறம் அதுவும் நின்றது. க்ளினிக்கில் மறுபடி கூட்டம் சேர்ந்தது. ஜெயந்திக்கு வேலை போகவில்லை. டாக்டரே ஒரு நாள் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அதிரசம் அதற்குப் பிறகு வரவில்லை, அது நியாயம்தான்.

கமிட்டியில் நடந்ததை எடுத்துச் சொன்னேன். மதியமே கூட்டம் சேர்கிறது, வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள் என்றேன். மறுபடி உருகினார்கள். "ஏழு மணிங்கிறது பத்தல போலருக்கு, ஆறாக்கிருவோம்" என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். உங்களுக்கு என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட சாதனை அந்த ஆறு மணிதான்.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தின வாரம் டாக்டர் மன்றத்துக்கு வந்தார். உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். படியேறவில்லை, கீழே நின்றபடியே கொடுத்தார். ஜன்னல் வழியாகச் சீட்டறை தெரிந்தது, கடைசி மணி அடித்து ஆட்டம் சூடு பிடித்திருந்த நேரம். அதைக் கைகாட்டினார்.

"எனக்குச் சொன்னீங்கண்ணே. அந்த டேபிள்ல இருக்க மத்த ஆறு பேருக்கு யார் சொல்வா?" என்றார்.

நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். ஆறு பேரின் முகத்தையும் பார்த்தேன். ஒருவர் அந்த மாதம் கடன் தாங்காமல் அரிசி மண்டியைப் பூட்டியிருந்தார். எங்கள் செயலாளர். என்னைக் கைதட்டி அழைத்து டீ கேட்டார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன்.